மரக்கால் யார் கையில்?

‘உன் மதிப்பை நீ தெரிஞ்சுக்கோ’ என்கிற உபதேசம் இப்போது பொறியியல் கல்லூரிகளில் பலமாகக் கேட்கிறது. கேம்பஸ் இண்டர்வியூவுக்குத் தயார்படுத்த வருகிற கோட்டுப் போட்ட ஆசாமி இதைத்தான் சொல்கிறார். யூடியூபில் முன்னேற்றம் விற்கிறவரும் இதையேதான் சொல்கிறார். தாழ்வு மனப்பான்மையை விடு, நிமிர்ந்து உட்கார், கண்ணைப் பார்த்துப் பேசு, உனக்கு என்ன சம்பளம் வேண்டுமோ தயங்காமல் கேள். கேட்டவனுக்குக் கிடைக்கும். கிடைக்கவில்லை என்றால்? நீ சரியாகக் கேட்கவில்லை, உன் மதிப்பு உனக்கே தெரியவில்லை. ஆகத் தப்பு முழுக்க வேலை கேட்டு வந்தவன் தலையில். கொடுக்கிறவன் பேரில் ஒரு சொல் கிடையாது. முதலாளிக்கு இதைவிடச் சௌகரியமான வேதாந்தம் வேறு என்ன வேண்டும்?

நம் பிள்ளைகளிடம் இதைச் சொல்லும்போது இன்னொரு விஷமும் சேர்ந்துகொள்கிறது. ‘எஸ்.சி. பசங்களுக்குத் தன்னம்பிக்கை கம்மி சார், வாயத் தொறந்து கேக்க மாட்டானுங்க’ என்று பரிதாபப்படுகிற குரல் அது. தலைமுறை தலைமுறையாக, வாயைத் திறந்தால் அடித்தார்கள். இப்போது வாய் திறக்கக் கற்றுக்கொடுப்பதற்குக் கட்டணம் வாங்குகிறார்கள்.

நான் கவிதை எழுதுகிறவன். வயிற்றுப்பாட்டுக்கு வங்கியில் குமாஸ்தா. சம்பளக் கணக்கும் கடன் கணக்கும் நாள் முழுக்கக் கண் முன்னால் ஓடுகிற உத்தியோகம். அந்த உத்தியோகம் கற்றுக்கொடுத்த ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். சம்பளம் ஒருத்தன் நெஞ்சுக்குள்ளே இருக்கிற மதிப்பிலிருந்து ஊறி வருவதில்லை. அது ஒரு தாளில் எழுதப்பட்ட தொகை. சில இடங்களில் அந்தத் தாள் ஊரறிய ஒட்டப்பட்டிருக்கிறது. பல இடங்களில் பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது. நம் பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருப்பது அவர்களுடைய மதிப்பு அல்ல, அந்தத் தொகை.

*

மந்தாரக்குப்பத்திலிருந்தே ஆரம்பிப்போம். 1956இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் உருவானது. 1957இல் நேரு வந்து சுரங்கத்தைத் தொடங்கி வைத்தார். அன்றிலிருந்து இந்தச் சுற்றுவட்டாரத்தில் பிறக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் கனவு ஒன்றுதான்: என்.எல்.சி.யில் நிரந்தரம். ‘பையன் பர்மனெண்ட்’ என்றால் பெண் கொடுக்கப் போட்டி. அந்தக் கனவுக்காகத்தான் சுரங்கத்தில் ஒப்பந்தக் கூலியாக மண்ணும் சாம்பலும் தின்ற அப்பன் தன் பிள்ளையை பி.இ. படிக்க வைத்தான். நிலம் கொடுத்தவருக்கு வேலை என்று பேச்சு வரும்போதெல்லாம், கொடுப்பதற்கு நிலமே இல்லாத காலனிக்காரனுக்கு என்ன கணக்கு என்று யாரும் கேட்பதில்லை. அவன் கொடுத்தது குடிசையையும் வேலைசெய்த வயலையும். பட்டா இருந்தவனுக்குத்தானே பேச்சுவார்த்தை மேசையில் நாற்காலி. ஆகவே படிப்பு ஒன்றுதான் அவன் கையிலிருந்த பட்டா.

சரி, படித்தாயிற்று. இப்போது அந்த நிறுவனத்தின் வாசலில் நில்லுங்கள். பி.இ. முடித்த மூன்று பேர் உள்ளே போகிறார்கள்.

முதலாமவர், கேட் நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணை வைத்து எடுக்கப்பட்ட பட்டதாரி நிர்வாகப் பயிற்சியாளர். ஈ-2 நிலை. 2017 சம்பளத் திருத்தத்தின்படி அடிப்படைச் சம்பளம் 50,000இல் தொடங்கி 1,60,000 வரை போகும். பஞ்சப்படியும் மற்ற படிகளும் தனி. இரண்டாமவர், பட்டதாரி அப்ரண்டிஸ். ஒரு வருசம். 2022க்கும் 2024க்கும் இடையில் வந்த அறிவிப்புகளில் பொறியியல் பட்டதாரிக்குப் போட்டிருந்த உதவித்தொகை மாதம் 15,028 ரூபாய், டிப்ளமோக்காரருக்கு 12,524. மூன்றாமவர், இந்த இரண்டு வரிசையிலும் இடம் கிடைக்காமல் ஒப்பந்தக்காரர் மூலம் போகிறவர். பட்டம் வீட்டுப் பெட்டிக்குள் இருக்கும். கூலி நாள் கணக்கில் இருக்கும்.

மூன்று பேரும் படித்தது ஒரே பாடத்திட்டமாக இருக்கலாம். ஒரே ஹாஸ்டலில் ஒரே சாம்பாரைக்கூட ஊற்றிச் சாப்பிட்டிருக்கலாம். ஒருவர் சம்பளம் மற்றவருடையதைப்போல மூன்று மடங்குக்கு மேல். இதில் யார் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள், யார் கண்ணைப் பார்த்துப் பேசினார்கள் என்பதா விசயம்? நுழைகிற கதவு எது என்பதுதான் விசயம்.

‘கேட் தேர்வு எழுதி முதல் கதவில் நுழைய வேண்டியதுதானே’ என்பார்கள். 2022இல் 299 நிர்வாகப் பயிற்சியாளர் இடங்களுக்கு அந்தத் தேர்வு மதிப்பெண்படி ஆளெடுத்தபோது, பட்டியலில் தமிழ்நாட்டவர் ஏறக்குறைய யாருமே இல்லை என்று இங்குள்ள கட்சிகள் எல்லாம் கொதித்தன. கொதித்தது நியாயம். ஆனால் அந்தக் கொதிப்பில் ஒரு கேள்வி அமுங்கிப்போனது. படிப்பு முடிந்து ஒரு வருசம் சம்பாதிக்காமல், கோச்சிங்குக்குப் பணம் கட்டி, வீட்டில் உட்கார்ந்து தேர்வுக்குப் படிக்க எந்தச் சாதிப் பிள்ளையால் முடியும்? அந்த ஒரு வருசச் சோறு திறமைக் கணக்கில் வராது. அது சொத்துக் கணக்கு. தகுதி, திறமை என்று சொல்கிறவர்கள் பந்தயம் எங்கே முடிந்தது என்று மட்டும் காட்டுவார்கள். யார் எங்கிருந்து ஓட ஆரம்பித்தார்கள் என்று காட்ட மாட்டார்கள்.

இரண்டாவது கதவைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும், ஏனென்றால் நம் பிள்ளைகள் அதிகம் நுழைவது அங்கேதான். 1961ஆம் வருசத்து அப்ரண்டிஸ் சட்டம் 1973இல் திருத்தப்பட்டு, பட்டதாரிகளும் டிப்ளமோக்காரர்களும் அதற்குள் கொண்டுவரப்பட்டார்கள். அப்ரண்டிஸ் ‘தொழிலாளி’ அல்ல, ‘பயிற்சி பெறுகிறவர்’ என்று அதன் 18ஆம் பிரிவு சொல்கிறது. தொழிலாளர் சட்டங்கள் அவருக்குப் பொருந்தாது. பயிற்சி முடித்தவரை வேலைக்கு எடுப்பது பற்றிய கொள்கையை நிறுவனமே வகுத்துக்கொள்ளலாம் என்கிறது 22ஆம் பிரிவு. 2019இல் திருத்திய விதி பட்டதாரி அப்ரண்டிசுக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 9,000 ரூபாய் என்று நிர்ணயித்தது. அதிலும் ஒரு பாதியை மத்திய அரசே ஏற்றுக்கொள்ளும். அப்படிப் பார்த்தால் 15,028 பரவாயில்லையே என்று தோன்றும். தோன்றத்தான் வேண்டும், தரையைப் பள்ளமாக வெட்டிவிட்டால் திண்ணைகூட மாடிபோலத்தான் தெரியும்.

ஆனால் அதே சட்டத்தில் நமக்குச் சாதகமான வரியும் இருக்கிறது. அப்ரண்டிஸ் இடங்களில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் ஒதுக்கீடு உண்டு என்று 3ஏ பிரிவு சொல்கிறது. மற்ற தகுதிகள் சமமாக இருந்தால் நேரடியாக வருகிறவரைவிட அங்கே பயிற்சி முடித்த அப்ரண்டிசுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று 1995இல் உத்தரப் பிரதேச அரசுப் போக்குவரத்துக் கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்? பயிற்சி கொடுக்க வருகிற கோட்டு ஆசாமி டை கட்டுவது எப்படி என்று சொல்லித் தருகிறார். இதைச் சொல்லித் தருவதில்லை.

*

இப்போது இன்னொரு தொகையை 15,028க்குப் பக்கத்தில் வையுங்கள். 15,700.

2019 நவம்பரில் கோயம்புத்தூர் மாநகராட்சி 549 துப்புரவுப் பணியாளர் இடங்களுக்கு விண்ணப்பம் கேட்டது. பொறியாளர்கள், பட்டதாரிகள், டிப்ளமோக்காரர்கள் என்று சுமார் 7,000 பேர் விண்ணப்பித்தார்கள். தொடக்கச் சம்பளம் 15,700 ரூபாய். தமிழ்நாடு அரசுச் சம்பள அட்டவணையில் ஆகக் கீழே இருக்கிற நிலை அது. அதே வருசம் பிப்ரவரியில் சட்டப்பேரவைச் செயலகத்தில் 14 துப்புரவு வேலைகளுக்கு எம்.டெக்., எம்.பி.ஏ. படித்தவர்கள் உட்பட நாலாயிரத்துக்கும் மேல் விண்ணப்பங்கள் குவிந்தன.

பத்திரிகைகள் இதை அவமானச் செய்தியாகப் போட்டன. ‘இஞ்சினியர் கையில் துடைப்பமா!’ என்று உச்சுக்கொட்டின. காலங்காலமாக அந்தத் துடைப்பத்தை அருந்ததியர் கையில் திணித்தபோது உச்சுக்கொட்டாத வாய் அது. நமக்கு அந்தச் செய்தியில் படிக்க வேண்டியது வேறு இருக்கிறது. அந்த வேலைக்கு ஏன் அத்தனை பேர் வந்தார்கள்? தொகை ஊருக்கே தெரியும். அரசாணையில் அச்சடித்திருக்கிறது. வருசா வருசம் ஊதிய உயர்வு உண்டு. விலைவாசி ஏறினால் அகவிலைப்படி ஏறும். 2024 தொடக்கத்தில் அகவிலைப்படி 50 சதவீதத்தைத் தொட்டபோது அந்த 15,700 தானாகவே 23,550 ஆனது, வீட்டு வாடகைப்படி போக. அப்ரண்டிஸ் இஞ்சினியரின் 15,028க்குப் படியும் கிடையாது, ஏணியும் கிடையாது.

இன்னொன்றும் உண்டு. அதே தெருவை, அதே துடைப்பத்தால், ஒப்பந்தக்காரரிடம் கூலி வாங்கிக்கொண்டு கூட்டுகிறவரும் இருக்கிறார். அவருக்கு இந்த 15,700 கிடையாது. குப்பை ஒன்று, தெரு ஒன்று, முதுகு வலியும் ஒன்று. கூலி மட்டும் இரண்டு. ஒப்பந்தக் கூலியாக இருக்கிறவரை அந்த வேலை ‘அவங்க’ வேலை; அச்சடித்த சம்பளம் வந்ததும் எல்லாச் சாதிக்கும் அது அரசாங்க வேலை. மதிப்பு என்பது வேலையிலோ வேலை செய்கிற ஆளிலோ இருந்திருந்தால் இப்படி நடக்குமா? அது தாளில் இருக்கிறது. அந்தத் தாளை எழுத வைத்த சங்கத்தில் இருக்கிறது.

*

அடுத்து ஐ.டி. கம்பெனிக்கு வருவோம். கிராமத்திலிருந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு பழைய மகாபலிபுரம் சாலைக்குப் போகிற பிள்ளைகளின் கதை இது.

2010 வாக்கில் பெரிய ஐ.டி. கம்பெனிகள் புதிதாகச் சேர்கிற பொறியாளருக்கு வருசத்துக்கு மூன்று லட்சத்துக்குச் சற்று மேலே கொடுத்தன. பத்து வருசத்துக்கு மேல் கழித்தும் பெரும்பாலானவர்களுக்கு மூன்றரை லட்சத்தைச் சுற்றியே கொடுத்தன. இடையில் அரிசி விலை நின்றதா, அறை வாடகை நின்றதா? இன்ஃபோசிஸ் நிறுவனத்தின் முன்னாள் நிதித்துறைத் தலைவர் மோகன்தாஸ் பாயே இதைப் பலமுறை பகிரங்கமாகக் கண்டித்திருக்கிறார். 2024 ஆகஸ்டில் காக்னிசன்ட் நிறுவனம் வருசத்துக்கு 2.52 லட்சம் என்று அறிவித்தது பெரிய கேலியானது. அது மூன்று வருசப் பட்டம் படித்தவர்களுக்குத்தான், பொறியாளர்களுக்கு 4 லட்சம் முதல் 12 லட்சம் வரை என்று கம்பெனி விளக்கம் சொன்னது. அந்த விளக்கத்தையும் உற்றுப் படியுங்கள்: ஒரே பட்டத்துக்கு நாலிலிருந்து பன்னிரண்டு வரை! அந்த இடைவெளியில் யார் எங்கே நிற்பார்கள் என்பது எந்தத் தாளில் எழுதியிருக்கிறது?

இதில் சி.டி.சி. என்று ஒரு மாய எழுத்து. நிறுவனத்துக்கு உன்னால் ஆகிற மொத்தச் செலவு என்று அர்த்தம்; உன் கைக்கு வருகிற சம்பளம் என்று அர்த்தம் கிடையாது. குமாஸ்தா கணக்காகவே போட்டுக் காட்டுகிறேன். உதாரணத்துக்கு, சி.டி.சி. 3,60,000. மாதம் 30,000 என்று வீட்டில் சொல்லி அம்மா கோயிலுக்குத் தேங்காய் உடைத்துவிடுவாள். அடிப்படைச் சம்பளம் 15,000 என்று வைப்போம். அதில் நிறுவனம் கட்டுகிற பி.எஃப். 1,800, கிராஜுவிட்டிக்கு ஒதுக்குகிற 721 இரண்டும் அந்த 30,000க்குள்ளேயே அடக்கம். ‘வேலையைப் பார்த்துத் தருவோம்’ என்று பத்து சதவீதம் பிடித்து வைத்தால் 3,000 போச்சு. உன் பங்கு பி.எஃப். இன்னொரு 1,800. இன்சூரன்ஸ், தொழில்வரி தனி. கைக்கு வருவது 22,000 சொச்சம். மொட்டைமாடி அறைக்கும் மெஸ்சுக்கும் கொடுத்தது போக மிச்சம் எவ்வளவு என்று நீங்களே கழித்துப் பாருங்கள்.

கழிப்பதற்கு இன்னொன்றும் இருக்கிறது: கல்விக்கடன். நாலு லட்சம் கடன், 11 சதவீத வட்டி, பத்து வருசத் தவணை என்றால் மாதம் சுமார் 5,500 ரூபாய். படித்த காலத்து வட்டி ஏறியிருந்தால் இன்னும் கூடும். 15,028 வாங்குகிற அப்ரண்டிசுக்கு அது வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். கடன் அழுத்துகிற கழுத்தோடு பேரம் பேச உட்காருகிறவனும், ‘பிடிச்சா சேரு, இல்லன்னா ஆறு மாசம் வீட்ல இரு’ என்று அப்பா சொல்லி அனுப்பியவனும் ஒரே மாதிரி நிமிர்ந்து உட்கார முடியுமா? முதுகெலும்புக்குப் பின்னால் ஒரு சுவர் வேண்டும் ஐயா.

*

இண்டர்வியூவில் ஒரு கேள்வி உண்டு: ‘எவ்வளவு சம்பளம் எதிர்பார்க்கிறீர்கள்?’ கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கும். அதில்தான் கண்ணி இருக்கிறது.

ஆதிக்க சாதி வீட்டுப் பையன் முந்தின நாளே போனை எடுக்கிறான். ‘மாமா, உங்க கம்பெனில ஃப்ரெஷருக்கு எவ்ளோ தராங்க?’ மாமா சொல்கிறார்: ‘நாலரை வரைக்கும் பட்ஜெட் இருக்குடா, அஞ்சுன்னு ஆரம்பி.’ நம்ம பையனுக்கு அப்படி ஒரு மாமா கிடையாது. அவனுடைய மாமா சுரங்கத்தில் ஷிப்டில் இருக்கிறார். அவன் என்னிடம் கேட்கிறான்: ‘அண்ணே, எவ்ளோ கேக்கலாம்ணே? கூடக் கேட்டா வேணாம்னு அனுப்பிடுவாங்களா?’ இதைத் தாழ்வு மனப்பான்மை என்று பெயர் வைத்து வைத்தியம் பார்க்கக் கிளம்பிவிடுகிறார்கள். இருட்டில் நடக்கிறவன் மெதுவாகத்தான் நடப்பான். அவனுக்கு வேண்டியது விளக்கு. நீங்கள் காலுக்குத் தைலம் தேய்க்கிறீர்கள்.

இது என் கற்பனை என்று நினைப்பவர்களுக்காக: 2007இல் சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெலும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். தனியார் கம்பெனிகளின் 548 விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்கள். தகுதி ஒன்றுதான், பெயர்தான் வேறு. உயர்சாதி இந்துப் பெயரோடு ஒப்பிட்டால், தலித் பெயருக்கு அழைப்பு வருகிற வாய்ப்பு விகிதம் 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33. அதே வருசம் அஸ்வினி தேஷ்பாண்டேயும் கேத்தரின் நியூமனும், ஒரே மாதிரி பட்டம் பெற்ற தலித் மாணவரையும் மற்றவரையும் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். வேலைச் சந்தைக்குள் காலை வைக்கும் முன்பே, எதை எதிர்பார்க்கலாம் என்பதிலேயே இரு தரப்புக்கும் வித்தியாசம் இருப்பதைக் கண்டார்கள். சுரிந்தர் ஜோத்காவும் நியூமனும் முதலாளிகளிடமே பேசிப் பார்த்தார்கள்: திறமை ஒன்றைத்தான் பார்க்கிறோம் என்று சத்தியம் செய்தவர்கள், குடும்பப் பின்னணியைக் கேட்பதையும் ஒத்துக்கொண்டார்கள். ‘அப்பா என்ன செய்கிறார்?’ என்ற கேள்விக்கு நம் ஊரில் என்ன பொருள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நம் பிள்ளைகளின் வாயை அடைக்கிற இன்னொரு துணி, நன்றி. 2012இல் வந்த அரசாணையால், சுயநிதிக் கல்லூரியில் படிக்கிற ஆதிதிராவிட, பழங்குடி மாணவரின் கட்டணத்தை அரசு ஏற்றது. முதல் தலைமுறையாகப் பொறியியல் வகுப்புக்குள் நுழைந்தோம். உடனே ‘ஓசிப் படிப்பு’ என்று பெயர் வைத்தார்கள். ஓசியில் படித்தவன் கிடைத்ததை வாங்கிக்கொண்டு சும்மா இருக்க வேண்டும் என்பது அந்தச் சொல்லின் உத்தரவு. நம் வரிப்பணமும் நம் அப்பன் ஆத்தாள் உழைப்பும் சேர்ந்ததுதான் அரசாங்கக் கஜானா. அதிலிருந்து வந்தது யாருடைய தர்மமும் அல்ல. நன்றிக்கடனாகச் சம்பளத்தைக் குறைத்துக்கொள்ள நாம் யாருக்கும் பட்டிருக்கவில்லை.

*

என் உத்தியோகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வங்கியில் சேர்ந்த அன்று என் மதிப்பு என்ன என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. நானும் நிமிர்ந்து உட்கார்ந்து பேரம் பேசவில்லை. குமாஸ்தாவின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 11,765 என்று 2015 ஒப்பந்தத்தில் இருந்தது, வாங்கினேன். அடுத்த ஒப்பந்தத்தில் அந்தத் தொடக்கம் 17,900 ஆனது. 2024 மார்ச்சில் கையெழுத்தான பன்னிரண்டாவது ஒப்பந்தத்தில் 24,050. பஞ்சப்படி மூன்று மாதத்துக்கு ஒருமுறை விலைவாசிக் குறியீட்டோடு நகரும். பக்கத்து நாற்காலியில் இருக்கிறவர் பி.இ.; அவரும் குமாஸ்தாதான். அவர் என்ன சாதி, நான் என்ன சாதி என்று சம்பளப் பட்டியலுக்குத் தெரியாது. (கேன்டீனுக்குத் தெரியும், பதவி உயர்வு அறைக்குத் தெரியும், அது வேறு கட்டுரை.) 1966இல் முதல் இருதரப்பு ஒப்பந்தம் வந்தது சும்மா வரவில்லை. வேலைநிறுத்தம் செய்து, சம்பளம் இழந்து, வேலை இழந்து வாங்கியது. எனக்கு முன்னால் வந்தவர்களின் கூட்டுக் குரல் என் சார்பில் பேரம் பேசி முடித்திருந்தது. அதனால்தான் கூச்ச சுபாவமுள்ள ஒரு கவிஞனுக்கும் வாயாடிக்கும் ஒரே சம்பளம். எங்கள் தொழிலிலும் துப்புரவுக்கு ஒப்பந்த ஆள் வைத்த இடங்களில் அந்தக் குரல் போய்ச் சேரவில்லை. யாருக்குப் போய்ச் சேரவில்லை என்று பார்த்தால் சாதி தெரிந்துவிடும்.

தன் மதிப்பு தனக்குத் தெரிந்த மனிதன் என்றால் அம்பேத்கரைவிட யாரைச் சொல்வது? கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு 1917இல் பரோடா சமஸ்தானத்து வேலைக்கு வந்தார். தங்கியிருந்த பார்சி விடுதியில் தடியோடு வந்து விரட்டினார்கள். அலுவலகத்துப் பியூன் கோப்பைக் கையில் தராமல் மேசைமேல் எறிந்தான். அவருக்குத் தன்னம்பிக்கை குறைவா? தன் மதிப்பைத் தான் அறிந்திருப்பதால் மட்டும் ஒரு வாடகை அறைகூடக் கிடைக்காது என்று அந்த நகரம் அவருக்குக் காட்டியது. அவர் என்ன செய்தார்? 1936இல் சுதந்திரத் தொழிலாளர் கட்சியைத் தொடங்கினார். 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைக் கையில் எடுத்து, வேலை நேரத்தையும் கூலியையும் சட்டத்தில் எழுதுகிற வேலையைப் பார்த்தார். முதுகை நிமிர்த்திக்கொண்டால் போதும் என்று அவர் நமக்குச் சொல்லிவிட்டுப் போகவில்லை.

நம் வரலாற்றில் மதிப்பு தெரிந்தவர்கள் யார்? 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் எரிக்கப்பட்ட 44 பேர். அவர்கள் கேட்டது கூடுதலாக அரைப்படி நெல். கொடுக்கும்போது சின்ன மரக்கால், வாங்கும்போது பெரிய மரக்கால் வைத்திருந்த மிராசுகளிடம், சங்கமாகச் சேர்ந்து கேட்டார்கள். 1999 ஜூலை 23இல் மாஞ்சோலைத் தேயிலைத் தொழிலாளர்களுக்காகத் திருநெல்வேலியில் ஊர்வலம் போய், போலீஸ் தடியடியில் தாமிரபரணிக்குள் விரட்டப்பட்டுச் செத்த 17 பேர். கேட்டது கூலி உயர்வு. இவர்களிடம் போய் ‘உங்கள் மதிப்பு உங்களுக்குத் தெரியவில்லை’ என்று சொல்ல எவனுக்காவது வாய் வருமா? கூலி கேட்கத் தெரியாத சமூகம் அல்ல இது. கூலி கேட்டதற்காகக் கொளுத்தப்பட்ட சமூகம். அன்று களத்துமேட்டில் மரக்கால் யார் கையில் என்பது கேள்வி. இன்று அந்த மரக்காலுக்குச் சி.டி.சி. என்று பெயர்; அது இருப்பது கண்ணாடி அறைக்குள்.

*

அந்த மரக்காலைப் பிடுங்கி நடுத்தெருவில் வைக்க வேண்டும். எப்படி?

முதலில், நமக்குள் சம்பளத்தை மறைப்பதை நிறுத்த வேண்டும். ‘சம்பளத்தை யாரிடமும் சொல்லாதே’ என்று கம்பெனி போடுகிற நிபந்தனை யாருக்கு லாபம் என்று யோசியுங்கள். காலனியில் வேலைக்குப் போன ஒவ்வொரு அண்ணனும் அக்காவும், அடுத்து போகிற தம்பி தங்கைக்குத் தொகையைச் சொல்ல வேண்டும்: சி.டி.சி. எவ்வளவு, கைக்கு எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு, அசல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்கிறார்களா, விலகினால் எத்தனை மாத நோட்டீஸ். இரவுப் பள்ளியிலும் படிப்பகத்திலும் கரும்பலகையில் எழுதிப் போடலாம். மாமா இல்லாத பிள்ளைக்கு அந்தக் கரும்பலகையே மாமா.

இரண்டாவது, அப்ரண்டிஸ் விசயத்தை இயக்கம் கையில் எடுக்க வேண்டும். இளைஞர் அணிக்குக் கொடி கட்டத்தான் பிள்ளைகள் வேண்டுமா? 3ஏ பிரிவுப்படி ஒதுக்கீட்டு இடங்கள் நிரப்பப்பட்டனவா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கலாம். பொறியியல் பட்டதாரியின் உதவித்தொகை மாநிலத்தின் ஆகக் கீழான சம்பள நிலையைவிடக் கீழே போகக் கூடாது என்று கேட்கலாம். ஒப்பந்தத் தொழிலாளர் கியூ பாலத்தில் உட்காரும்போது அப்ரண்டிசும் பக்கத்தில் உட்கார வேண்டும். இருவருக்கும் ‘நீ தொழிலாளி இல்லை’ என்று சொல்கிற வாய் ஒன்றுதான்.

மூன்றாவது, வேலை விளம்பரத்தில் சம்பளத்தைப் போட வேண்டும் என்று சட்டம் கேட்க வேண்டும். இது ஆகாத கதை அல்ல. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 2021 முதல் விளம்பரத்திலேயே சம்பளத்தைச் சொல்ல வேண்டும். 2023இல் ஐரோப்பிய ஒன்றியம் கொண்டுவந்த நெறிமுறை, வேலைக்கு விண்ணப்பிக்கிறவருக்குத் தொடக்கச் சம்பளத்தை முன்கூட்டியே சொல்ல வேண்டும், பழைய சம்பளம் என்ன என்று அவரிடம் கேட்கக் கூடாது என்கிறது. நம் நாட்டிலும் அரசு வேலை விளம்பரம் எப்போதும் சம்பள விகிதத்தோடுதானே வருகிறது? கார்ப்பொரேஷன் துடைப்பத்துக்குத் தொகை போட முடிகிறபோது, கம்ப்யூட்டர் கம்பெனிக்கு ஏன் முடியாது? தனியார் துறையில் இடஒதுக்கீடு கேட்கிறோம், கேட்டுக்கொண்டே இருப்போம். அதோடு இதையும் சேர்த்துக் கேட்போம். உள்ளே விட்டபிறகு பாதிக் கூலி கொடுப்பதற்குப் பெயர் இடம் அல்ல.

தம்பி, தங்கைகளே, தன்னம்பிக்கை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது உங்களிடம் ஏற்கனவே இருக்கிறது. இல்லாவிட்டால் அந்தப் பள்ளிக்கூடத்தையும் அந்த ஹாஸ்டலையும் தாண்டிப் பட்டம் வாங்கியிருக்க மாட்டீர்கள். நாளைக்கு மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் ‘எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள்?’ என்று கேட்டால், மரியாதையாகவே திருப்பிக் கேளுங்கள்: ‘போன வருசம் இதே வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் சார்?’ ஒருத்தர் கேட்டால் திமிர் என்பார்கள். இந்த வருசம் படித்து வெளியே வருகிற அத்தனை பேரும் கேட்டால், அதற்குப் பெயர் சங்கம்.